தையில் கொடுப்பதா, சித்திரையில் கொடுப்பதா? மாட்டுக்குக் கல்லீரல் புழு மருந்து வாங்கும் முன்

போன வருடம் முனீஸ்வரர் கோயிலில் கிடா வெட்டியபோது நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். தோலை உரித்து ஈரலை வெளியே எடுத்த பெரியப்பா, அதைத் துண்டு போடப் போனவர் கத்தியை அப்படியே நிறுத்திவிட்டார். பித்தக் குழாய்கள் கயிறு மாதிரித் தடித்திருந்தன. ஒன்றைக் கீறியதும் உள்ளேயிருந்து வாடின இலை போலத் தட்டையாக, பழுப்பு நிறத்தில், கட்டைவிரல் நீளத்தில் புழுக்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. ஒன்று மெல்ல நெளிந்தது. பெண்கள் அலறிவிட்டார்கள். ஈரலைக் குழி தோண்டிப் புதைத்தோம். அன்றைக்கு யாரும் ஈரல் சாப்பிடவில்லை.

ஆனால் அன்றைக்கு மதியம் இலையில் ஙப்பி (புளிக்கவைத்த மீன் விழுது) துவையலுக்குத் தொட்டுக்கொள்ளப் பச்சை வல்லாரை வைத்தார்கள். மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் பறித்தது. எல்லோரும் சாப்பிட்டோம், நானும்தான். பயப்பட வேண்டியது அந்த வல்லாரைக்கு என்பது எனக்கு அப்போது தெரியாது. அதை இந்தக் கட்டுரையின் பின்பாதியில் சொல்கிறேன். முதலில் மாடு.

எங்கள் ஊர் பர்மாவில், பெகுவிலிருந்து தனப்பின் போகும் வழியில் இருக்கிறது. நெல் வயல், உழவு மாடு, வீட்டுக்கு ஒன்றிரண்டு கறவை, கொஞ்சம் ஆடு. கொள்ளுத்தாத்தா காலத்தில் நாற்று நடவும் அறுக்கவும் கப்பலேறி வந்தவர்கள் விட்டுப்போன வாழ்க்கை இதுதான். இந்தத் தையில் தெருக்காரர்கள் பணம் சேர்த்து மொத்தமாகப் புழு மருந்து வாங்கலாம் என்று கோயில் கூட்டத்தில் முடிவானது. பணம் ஒரு சுற்றுக்குத்தான் வரும். எதை வாங்குவது, எப்போது கொடுப்பது, மருந்தே வாங்காமல் வேறு வழி இருக்கிறதா என்று ஆளுக்கொரு பேச்சு. இரண்டு மாதம் படித்தும், கால்நடை மருத்துவரிடம் கேட்டும் எனக்குத் தெளிந்ததை எழுதுகிறேன். எங்களைப் போல நெல்லும் மாடும் சேர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது உதவும்.

எந்த மருந்து நல்லது என்று கேட்பதற்கு முன், மாட்டுக்குள் இருக்கும் புழுவுக்கு அன்றைக்கு என்ன வயது என்று கேட்க வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

நம் பக்கத்துப் புழு பெரிய வகை, ஃபாசியோலா ஜைஜான்டிகா. குளிர் நாடுகளில் இருக்கும் ஹெபாட்டிகா இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் வளரும், நம்முடையது ஏழு சென்டிமீட்டரைக்கூடத் தொடும். முட்டை சாணத்தோடு வெளியே வருகிறது. தண்ணீரில் விழுந்தால் இந்த வெயிலுக்கு இரண்டு மூன்று வாரத்தில் பொரிகிறது. பொரித்த குஞ்சுக்கு ஒரு நாள்தான் ஆயுள், அதற்குள் ஒரு நன்னீர் நத்தையைக் கண்டுபிடித்துத் துளைத்து உள்ளே போக வேண்டும். போய்விட்டால் நத்தைக்குள்ளேயே ஒன்று பலநூறாகப் பெருகும். ஒன்றரை இரண்டு மாதத்தில் வாலுள்ள சிறு குஞ்சுகளாக வெளியே நீந்திவந்து, தண்ணீரில் நிற்கும் புல்லிலோ நெல்தண்டிலோ வல்லாரையிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஒரு கெட்டி உறை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். மாடு அந்தப் புல்லைத் தின்றால் உறை குடலில் கரையும், குஞ்சு குடற்சுவரைத் துளைத்துக்கொண்டு கல்லீரலுக்குப் போய்ச் சேரும். இந்தச் சுற்று முழுவதையும் ஜெர்மனியில் லூக்கார்ட்டும் இங்கிலாந்தில் தாமஸும் தனித்தனியாக 1881 முதல் 1883 வரையிலான ஆண்டுகளில் கண்டுபிடித்தார்கள். நூற்றி நாற்பது வருடமாகத் தெரிந்த செய்தி எங்கள் தொழுவம் வரை வந்து சேரவில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தம் தந்தது.

கல்லீரலுக்குள் போன குஞ்சு உடனே முட்டை இடாது. வாரக்கணக்கில் ஈரல் சதையைத் தின்று சுரங்கம் தோண்டிக்கொண்டே போகும். அதற்கப்புறம்தான் பித்தக் குழாயில் குடியேறி, மாட்டுக்குள் நுழைந்து மூன்று நான்கு மாதம் ஆனபின் முட்டை இட ஆரம்பிக்கும். ஈரலுக்கு வரும் பெரிய சேதம் அந்தச் சுரங்க நாட்களில். வயலுக்கு வரும் சேதம் அதற்குப் பின், முட்டை இடும் நாட்களில்.

இதை நம் பஞ்சாங்கத்தோடு சேர்த்துப் பாருங்கள். வைகாசி, ஆனியில் மழை பிடித்ததும் சாணத்து முட்டை வயலுக்குள் போகிறது. ஆடி, ஆவணியில் நத்தைக்குள் பெருகுகிறது. அதன்பின் வரப்புப் புல்லில் உறைகள் ஏற ஆரம்பித்து, அறுப்பு முடிந்து ஐப்பசி முதல் மார்கழி வரை ஈரம் காயாத வயலில் மாட்டை அரிதாள் மேய விடும்போதுதான் அள்ளிக்கொண்டு வருகிறது. தை பாதிக்கு மேல் வயல் காய்ந்து வெடித்துவிடும். அப்புறம் புதிதாக ஏறுவது மிகக் குறைவு. அதாவது, தைப் பொங்கலன்று நம் மாட்டுக்குள் இருப்பவற்றில் பாதிக்கு மேல் பிஞ்சுப் புழு. சித்திரைக் கடைசியில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே முற்றிய புழு.

இப்போது மருந்துகளைப் பார்க்கலாம்.

ட்ரைக்ளாபென்டசோல் 1980களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. ஒரு வாரப் பிஞ்சிலிருந்து முற்றிய புழு வரை எல்லா வயதையும் கொல்லும் மருந்து இது ஒன்றுதான். மற்ற எந்த மருந்துக்கும் இந்தக் குணம் இல்லை. மாட்டுக்குக் கிலோவுக்கு 12 மில்லிகிராம், ஆட்டுக்கு 10, வாய்வழியாக. தையில் கொடுத்தால் ஈரலைத் தின்றுகொண்டிருக்கும் பிஞ்சும் சாகும், முட்டை இடுவதும் சாகும். வைகாசியில் மழை வரும்போது அந்த மாட்டின் சாணத்தில் முட்டை இருக்காது. ஒரே மருந்தில் மாடும் பிழைக்கிறது, வயலும் சுத்தமாகிறது. வருடத்துக்கு ஒரு தடவைதான் முடியும் என்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. விலை அதிகம். எல்லாக் கடையிலும் கிடைக்காது. கறவை மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது, மருந்து பாலில் இறங்கும், அதனால் பால் வற்றியிருக்கும்போதுதான் கொடுக்க முடியும். வயிற்றில் இருக்கும் இன்னொரு வகைத் தட்டைப்புழுவை அது தொடாது. அடிக்கடி கொடுத்தால் புழு பழகியும் போகிறது. ஆஸ்திரேலியாவில் ஆடுகளில் இந்த மருந்துக்கு மசியாத புழுக்கள் இருப்பதை 1995-லேயே எழுதினார்கள், அப்புறம் ஐரோப்பா, தென் அமெரிக்கா என்று பல இடங்களில் கண்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊற்றுகிறேன் என்று யாராவது கிளம்பினால் தயவுசெய்து தடுங்கள். வருடத்துக்கு ஒன்று, சரியான நாளில், சரியான அளவில்.

அளவு என்றதும் நாங்கள் செய்யும் பெரிய தப்பு ஞாபகம் வருகிறது. எடையைக் கண்ணால் பார்த்துச் சொல்வது. குறைவாகக் கொடுத்தால் பலவீனமான புழு மட்டும் செத்து, வலுத்தது தங்கிக் குட்டி போடும். தையற்காரர் வைத்திருக்கும் டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை சென்டிமீட்டர், தோள் முனையிலிருந்து வாலடிக்குப் பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பு வரை நீளம் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். எங்கள் செவலைக் காளைக்குச் சுற்று 160, நீளம் 130. கணக்கு 307 கிலோ சொன்னது. அப்பா அதைப் பார்த்து 150 வீசைதான் இருக்கும் என்று எப்போதும் சொல்வார். வீசைக்கு 1.63 கிலோ என்று போட்டால் 245 கிலோதான் ஆகிறது. ஐந்தில் ஒரு பங்கு மருந்து குறைந்திருக்கிறது, அதுவும் எத்தனை வருடமாக! (வீசை நம் தமிழ்ச் சொல். இந்த நாடே இன்றைக்கும் அதில்தான் நிறுக்கிறது. அதையாவது சரியாக நிறுத்துக் கொடுப்போம்.) 307 கிலோவுக்கு 12 மில்லிகிராம் வீதம் 3,684 மில்லிகிராம் மருந்து வேண்டும். பாட்டிலில் பத்து சதவீதம் என்று போட்டிருந்தால் 37 மில்லி. ஐந்து சதவீதம் என்றிருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு. எல்லை தாண்டி வரும் பாட்டில்களில் தாய் எழுத்தும் சீன எழுத்துமாக இருக்கும், அந்தச் சதவீதத்தை மட்டுமாவது யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாயில் ஊற்றக் கூடாது.

அடுத்தது அல்பென்டசோல். எங்கும் கிடைக்கும், மலிவு, உருளைப்புழுவையும் சேர்த்துக் கொல்லும். எங்கள் தெருவில் பாதிப்பேர் இதைத்தான் வாங்கலாம் என்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கடைக்காரர் இதுதான் ஈரல் புழு மருந்து என்று சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னது பொய்யில்லை. ஈரல் புழுவையும் கொல்லும் என்று பாட்டிலிலும் எழுதியிருந்தது. தைப் பொங்கலுக்கு மறுநாள், மாட்டுப் பொங்கலன்றே, கொம்புக்குச் சாயம் பூசிய கையோடு எல்லா மாட்டுக்கும் ஊற்றினோம். இனி பயமில்லை என்று நிம்மதி. ஆனி மாதம் உழவில் ஒரு காளை நுகத்தடியில் நிற்க முடியாமல் முழங்காலில் விழுந்தது. தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் கோத்திருந்தது, கண் இமையைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளையாக இருந்தது. மருத்துவர் வந்து சாணம் எடுத்துப் பார்த்தார். முட்டை நிறைய. மருந்து கொடுத்தோமே என்றேன். எப்போது கொடுத்தீர்கள் என்றுதான் அவர் கேட்டார்.

அல்பென்டசோல் முற்றிய புழுவைத்தான் கொல்லும், அதுவும் மாட்டுக்குள் போய் மூன்று மாதம் ஆனதை. மாட்டுப் பொங்கலன்று எங்கள் காளைக்குள் இருந்தவை பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் ஏறிய பிஞ்சுகள். அவற்றுக்கு அந்த மருந்து தண்ணீர் மாதிரி. இரண்டு மாதம் ஈரலைத் தின்று, முற்றி, மழை தொடங்கும் நேரத்துக்குச் சரியாக முட்டையிட்டு வயலை நிறைத்திருக்கின்றன. அந்தக் காளை பிழைக்கவில்லை. அம்மா அதற்கு வைத்திருந்த மணியை இன்னும் கழற்றி எங்கேயும் கொடுக்கவில்லை.

அதனால் அல்பென்டசோலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம் அதற்குத்தான் இருக்கிறது என்றால் தையில் வீணாக்காதீர்கள், சித்திரைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். அதற்குள் கடைசியாக ஏறிய பிஞ்சும் முற்றியிருக்கும், மருந்து பிடிக்கும், மழைக்கு முன் சாணம் சுத்தமாகும். அடுத்த வருட வயலைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் இந்த வருட ஈரலைக் காப்பாற்ற முடியாது, சுரங்கம் தோண்டின சேதம் அதற்குள் நடந்து முடிந்திருக்கும். இரண்டு மருந்துக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் நீங்கள் வாங்குவது அந்த மூன்று மாத ஈரல்தான். உழவு மாடு வைத்திருப்பவருக்கு அது பெரிது. இன்னொன்று, ஈரல் புழுவுக்கான மாட்டு அளவு கிலோவுக்கு 10 மில்லிகிராம், சினை பிடித்த முதல் ஒன்றரை மாதத்தில் கொடுக்கக் கூடாது, கருவைக் கெடுக்கும். எந்தப் பசு எப்போது காளைக்குப் போனது என்று தெரியாத வீடுகளில் இதை நினைத்துப் பயப்படத்தான் வேண்டும்.

கறவைக்கு என்ன செய்வது? பெகு டவுனுக்குப் பால் ஊற்றும் வீடுகளுக்கு இதுதான் கேள்வி. ஆக்ஸிக்ளோசனைட் என்று ஒன்று இருக்கிறது. அல்பென்டசோல் மாதிரியே முற்றிய புழுவுக்குத்தான் பிடிக்கும், ஆனால் பால் தள்ளிவைக்க வேண்டிய நாட்கள் குறைவு. எத்தனை நாள் என்பதைப் பாட்டிலில் எழுதியிருப்பதைப் பார்த்து அப்படியே கடைப்பிடியுங்கள். பெருவயிற்றில் இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் வயிற்றுத் தட்டைப்புழுவையும் இது வெளியே தள்ளும், அது ட்ரைக்ளாபென்டசோலால் முடியாத வேலை. இரண்டு நாள் சாணம் இளகிப் போகும், பதறவேண்டாம். கறவைக்குச் சித்திரைக் கடைசியில் ஆக்ஸிக்ளோசனைட், பால் வற்றும் காலம் தை, மாசியில் வந்தால் ட்ரைக்ளாபென்டசோல் என்று பிரித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

குளோசன்டெல், நைட்ராக்ஸினில் போன்றவை நடுத்தரம். ஆறேழு வாரத்துக்கு மேற்பட்ட புழுவுக்குப் பிடிக்கும். குளோசன்டெல் அளவு மீறினால் கண் பார்வை போய்விடும், ஆடுகளில் இது நடந்திருக்கிறது. அளக்காமல் ஊற்றும் வழக்கம் இருக்கிற வரைக்கும் எங்கள் தெருவுக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

எதை வாங்கினாலும், வாங்குவதற்கு முன் நாலைந்து மாட்டின் சாணத்தைச் சோதிக்கக் கொடுங்கள். தண்ணீரில் கரைத்துப் படியவிட்டு அடியில் தங்குவதை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஈரல் புழு முட்டை தங்க மஞ்சள், வயிற்றுப் புழு முட்டை நிறமற்றுச் சாம்பலாக இருக்கும். உருவம் இரண்டுக்கும் ஒன்றுதான், நிறத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். வயிற்றுப் புழு முட்டையைப் பார்த்துவிட்டு ஈரல் புழுவுக்குக் காசைக் கொட்டிய கதைகள் உண்டு. மருந்து கொடுத்து மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்தால், மருந்து வேலை செய்ததா என்பதும் தெரிந்துபோகும். பிஞ்சு இருக்கும் காலத்தில் சாணத்தில் முட்டை தெரியாது என்பதையும் மனதில் வையுங்கள். தையில் முட்டை இல்லை என்றால் புழு இல்லை என்று அர்த்தமில்லை.

இனி, மருந்தில்லாத வழிகள். இதில் நான் எதிர்பார்க்காத அளவுக்கு விஷயம் இருந்தது. இந்தோனேசியாவில், நம்மைப் போலவே நெல்லும் மாடும் சேர்ந்த மேற்கு ஜாவாக் கிராமங்களில், ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் அந்த நாட்டு ஆய்வாளர்களும் 1990களில் வருடக்கணக்காக இந்தப் புழுவைப் பின்தொடர்ந்தார்கள். எல்லா வயலும் ஆபத்தில்லை என்பது அவர்கள் கண்டதில் முக்கியமானது. தொழுவத்துக் கழிவுநீர் போய் விழும் வயல்கள், ஊரை ஒட்டிய வயல்கள், அவைதான் புழுக் கிடங்கு. தள்ளியிருக்கும் வயல்களில் நத்தை இருந்தாலும் புழு அரிது. நெல்தண்டில் உறைகள் எங்கே ஒட்டுகின்றன என்றும் எண்ணிப் பார்த்தார்கள். தண்ணீரில் மூழ்கியிருந்த அடிப்பாகத்தில்தான். மேல் பாகத்தில் இல்லை என்றே சொல்லலாம்.

எங்கள் ஊரில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. தூரத்து வயலில் மாட்டை விட்டால் யார் போய்ப் பார்ப்பது என்று, அறுப்பு முடிந்த அன்றே தொழுவத்துப் பின்னால் இருக்கும் வயலில்தான் அவிழ்த்துவிடுகிறோம். இதை மாற்ற ஒரு காசு ஆகாது. பக்கத்து வயலைக் கடைசியாக, அது காய்ந்து வெடித்தபின் மேய விடலாம். வைக்கோலை அடியோடு அறுக்காமல் மேல் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் மாட்டுக்கு எடுக்கலாம். பச்சையாகப் போடாமல் மூன்று நாள் நல்ல வெயிலில் பிரித்துக் காயப்போட்டால் ஒட்டியிருக்கும் உறைகள் செத்துவிடும். ஈரத்தோடு போர் போட்டால் அடியில் அவை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சாணத்தை நேராக வயலுக்குத் தள்ளாமல் குவித்து மக்கவிட்டால் அந்தச் சூட்டில் முட்டை சாகும். வறட்டி தட்டினாலும் அப்படித்தான், காய்ந்தால் முட்டைக்கு உயிர் இல்லை. என் பாட்டி இருந்தவரை தொழுவச் சாணம் முழுவதும் சுவரில் வறட்டியாக ஒட்டியிருக்கும். காஸ் அடுப்பு வந்தபின் சாணம் எல்லாம் வாய்க்காலுக்குப் போகிறது. பாட்டி காலத்தில் மாட்டுக்கு இத்தனை புழு இல்லை என்று பெரியப்பா சொல்வதை ஏதோ பழைய ஆள் பேச்சு என்று விட்டிருந்தேன். இப்போது அப்படி விட முடியவில்லை.

வாத்து யோசனையும் அந்த ஜாவா ஆய்வில் வந்ததுதான், எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். வாத்துக் குடலில் எக்கினோஸ்டோமா என்ற வேறொரு தட்டைப்புழு உண்டு, அதுவும் அதே நத்தைக்குள்தான் வளரும். இரண்டும் ஒரே நத்தையில் சேர்ந்தால் வாத்துப் புழுவின் குஞ்சு மாட்டுப் புழுவின் குஞ்சைத் தின்றுவிடுகிறது. ஆகவே வாத்துக் கொட்டகையை மாட்டுத் தொழுவத்தை ஒட்டிக் கட்டி, இரண்டின் கழிவும் சேர்ந்து வயலுக்குப் போகும்படி செய்தால் மாட்டுப் புழு குறைகிறது. வாத்து நத்தையையும் தின்னும், முட்டையும் தரும். சரி, உடனே வாத்து வாங்கிவிடலாமா? இரண்டு விஷயம் என்னைத் தயங்க வைக்கிறது. 2006-ல் இந்த நாட்டில் பறவைக் காய்ச்சல் வந்து கோழிகளைக் கொன்று புதைத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்புறம், அந்த வாத்துப் புழு மனிதனுக்கும் வரும், நத்தையைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால். ஏற்கெனவே வாத்து வைத்திருப்பவர் கொட்டகையை இடம் மாற்றலாம். புதிதாக வாங்க வேண்டியதில்லை.

மயில்துத்தமோ நிக்லோசமைடோ போட்டு நத்தையைக் கொல்லலாம் என்று ஒருவர் சொன்னார். நத்தையோடு மீனும் சாகும். வயல் மீனை நம்பி இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. நத்தை மறு மழைக்கு மறுபடி வரும், மீன் அவ்வளவு சுலபமாக வராது. தடுப்பூசியும் இதுவரை சந்தைக்கு வரவில்லை. பல ஆய்வுக்கூடங்கள் பல வருடமாக முயன்றும், மாட்டைக் காப்பாற்றும் அளவுக்கு ஒன்றும் தேறவில்லை.

இனி அந்த வல்லாரை.

ஈரலில் புழுவைக் கண்டு புதைத்தோமே, அந்த ஈரலைச் சமைத்துச் சாப்பிட்டிருந்தாலும் எங்களுக்கு அந்தப் புழு வந்திருக்காது. முற்றிய புழு வயிற்றுக்குள் போனால் செரித்துவிடும். அதன் முட்டை மட்டும் ஒன்றிரண்டு நாள் மலத்தில் வரும். அதைப் பார்த்து நோய் என்று முடிவு கட்டிவிடக்கூடும் என்பதால், மலப் பரிசோதனையில் முட்டை வந்தால் சில நாள் ஈரல் சாப்பிடாமல் இருந்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். மனிதனுக்கு நோய் வருவது மாட்டுக்கு வருகிற அதே வழியில்தான், உறை ஒட்டிய பச்சை இலையைத் தின்று. வல்லாரை, வள்ளைக்கீரை, தண்ணீரில் நிற்கும் எந்தக் கீரையும். பர்மியர் வீட்டுச் சாப்பாட்டில் பச்சை இலை இல்லாமல் ஒரு வேளை கிடையாது, நாமும் நாலு தலைமுறையாக அப்படித்தான் சாப்பிடுகிறோம். உலகில் குறைந்தது 24 லட்சம் பேருக்கு இந்தப் புழு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது, 70-க்கும் மேற்பட்ட நாடுகளில்.

இங்கே உள்ள தேர்வு சுலபமானது. தண்ணீரில் கழுவினால் உறை போகாது, பசை போட்டது மாதிரி ஒட்டியிருக்கும். வேகவைத்தால் சாகும். வல்லாரையைப் பச்சையாகத்தான் சாப்பிடுவேன் என்பவர், மாடு வராத மேட்டில் தொட்டியில் வளர்த்து, கிணற்று நீர் ஊற்றிச் சாப்பிடலாம். என் மனைவி அரிசி கழுவும் நீரை ஊற்றி இரண்டு தொட்டி வைத்திருக்கிறாள், வீட்டுக்குப் போதும்.

மருந்தைப் பொறுத்தவரை ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அல்பென்டசோல் மாத்திரை கொக்கிப்புழுவுக்கும் உருளைப்புழுவுக்கும். ஈரல் புழுவுக்கு அது போதாது. தட்டைப்புழு என்றாலே பிரசிகுவான்டெல் என்றொரு எண்ணமும் இருக்கிறது, ஆனால் தட்டைப்புழுக்களிலேயே இந்த ஃபாசியோலா மட்டும் பிரசிகுவான்டெலுக்கு மசிவதில்லை. மனிதனுக்கும் ட்ரைக்ளாபென்டசோல்தான், கிலோவுக்கு 10 மில்லிகிராம், மருத்துவர் சொல்லும் முறையில். அமெரிக்காவில் 2019-ல் அனுமதித்தபோது பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை என்று வைத்தார்கள். மாட்டுப் பாட்டிலிலிருந்து ஒரு மூடி ஊற்றிக் குடித்தவர் ஒருவர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். வலது விலாவுக்குக் கீழ் வலி, விட்டு விட்டுக் காய்ச்சல், எடை குறைவு என்று இருந்தால் மருத்துவரிடம் பச்சைக் கீரை சாப்பிடுவதையும் மாடு வைத்திருப்பதையும் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். முதல் மூன்று நான்கு மாதம் மலத்தில் முட்டை வராது, இரத்தப் பரிசோதனைதான் வழிகாட்டும்.

பிரசிகுவான்டெல் தேவைப்படும் ஈரல் புழு வேறு ஒன்று இருக்கிறது. ஒபிஸ்தார்க்கிஸ் விவெரினி, வேகாத நன்னீர் மீனிலிருந்து வருவது. வடகிழக்குத் தாய்லாந்தில் பித்தக் குழாய்ப் புற்றுநோய் அதிகமாக இருப்பதற்கு இதுதான் காரணம். 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புற்றுநோய் உண்டாக்கும் உயிரி என்று முதல் பிரிவில் வைத்துவிட்டது. நம் கீழ் பர்மா மக்களிடமும் இது இருப்பதை மரபணுச் சோதனை மூலம் உறுதிசெய்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாட்டுக்கு ஊற்றும் எந்த மருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. ங-சின் என்கிற புளித்த மீனை வேகவைக்காமல் சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதைத்தான் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் "ஈரல் புழு" என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் இந்தக் கலப்படம் நடக்கிறது.

எங்கள் தெருவுக்கு நான் வைக்கும் யோசனை இது. சேரும் பணத்தில் முதலில் உழவு மாடுகளுக்கும், பால் வற்றிய பசுக்களுக்கும், கிடேரிகளுக்கும், ஆடுகளுக்கும் ட்ரைக்ளாபென்டசோல். வயல் காய்ந்து இரண்டு வாரம் கழித்து, தைக் கடைசியில், எல்லா வீட்டுக்கும் ஒரே வாரத்தில். ஒரு வீடு விட்டுவிட்டால் அந்தச் சாணம் எல்லோர் வயலுக்கும் போகும், அதனால்தான் தனித்தனியாக வாங்குவதைவிடச் சேர்ந்து வாங்குவதற்கு மதிப்பு. மிச்சம் இருந்தால் கறவைகளுக்குச் சித்திரைக் கடைசியில் ஆக்ஸிக்ளோசனைட். பணம் பாதிதான் சேர்ந்தது என்றால், உழவு மாட்டுக்கு மட்டும் தையில் ட்ரைக்ளாபென்டசோல், மற்றவற்றுக்குச் சித்திரையில் அல்பென்டசோல், சினைப் பசுக்களைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு.

வாய்க்கால் தண்ணீர் விட்டுக் கோடை நெல் போடும் வீடுகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்கள் வயல் காய்வதே இல்லை, தைக்குப் பின்னும் மாடு புழுவை ஏற்றிக்கொண்டே இருக்கும். கோடை நெல் அறுத்து வயலைக் காயவிட்ட பிறகு, மழைக்கு முன் கிடைக்கும் அந்தச் சில வாரங்கள்தான் அவர்களுடைய நாள். எங்கள் தெருவில் அப்படி நான்கு வீடு. அவர்களுக்கு வேண்டிய பாட்டிலை இப்போதே வாங்கி, வெயில் படாமல் கோயில் அறையில் வைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

அளக்கும் டேப் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பெரியப்பா வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். மாட்டுக்கு ஒரு சீட்டு எழுதி அதில் எடை, சினை, கறவை மூன்றையும் குறித்துத் தருவேன். மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டாமல் கட்டி வையுங்கள்.